ஈரச் சுவருக்கு ஒரு சாட்சி

ஹலோ... ஆமா, நகராட்சி வீட்டுவசதிப் பிரிவுதான்... ஆமா, தலைமை அதிகாரியேதான் பேசறேன். மிஸ் சக்டன்... சொல்லுங்க... எங்கேர்ந்து?... யூனிவர்சிட்டிலேர்ந்தா... பேராசிரியர் டங்கன் த்வெய்ட்...

...

இல்ல இல்ல, கேக்குது. லைன்லதான் இருக்கேன். ஒரு நிமிஷம், கதவைச் சாத்திட்டு வந்துடறேன்.

பெவ்... பெவ், இங்க வா. சத்தம் போடாதே, ரிசீவரைப் பொத்தியிருக்கேன். லைன்ல யார் தெரியுமா? அந்த ஆளு. என் பழைய பேராசிரியர்... ஆமா, என்னை வேலையை விட்டு அனுப்பினாரே, அவரேதான்... இல்ல, நான்தான்னு அவருக்குத் தெரியல. அங்க இருந்தப்ப நான் புருஷன் பேர்லதானே இருந்தேன், சக்டன்ங்கிற என் பொறந்த வீட்டுப் பேரைக் கேட்டா அவருக்கு நான் யாரோ ஒருத்தி... சிரிக்காதே. டீயை வச்சிட்டுப் போ. யாரையும் உள்ள விடாதே.

ஆ, இப்ப சொல்லுங்க பேராசிரியர்... ம்... ம்... கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார், நாங்க கவுன்சில் ஆளுங்க, உங்க பாஷை எங்களுக்கு லேசுல ஏறாது... ஓ, எல்லா யூனிவர்சிட்டியையும் அரசாங்கம் எடை போடுதா... சில வருஷத்துக்கு ஒருதரம்... சரி... உங்க ஆராய்ச்சியால வெளி உலகத்துல என்ன மாறிச்சுன்னு ஒரு கதை எழுதிக் கொடுக்கணும்... கதைன்னா அந்தக் கதை இல்ல, சரி சரி... அதைப் பாத்துத்தான் துறைக்குப் பணம்... அது உண்மைதான்னு வெளியாள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணும். அது நான்... புரியுது சார். நல்லாவே புரியுது.

எப்ப வேணும்?... நாளைக்கு மத்தியானமா! கல்யாணத்தன்னிக்குத் தாலி செய்யச் சொல்ற மாதிரி இருக்கே சார்... இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. என்ன ஆராய்ச்சி அது?... ஈரச் சுவர்... பூஞ்சை... குழந்தைங்களுக்கு மூச்சுத் திணறல்... ஆமா ஆமா, அந்த விதி எங்களோடதுதான். முன்னெல்லாம் சுவர் ஈரமா இருக்குன்னு புகார் வந்தா, நீ வீட்டுக்குள்ள துணி காயப்போட்டே, கெட்டிலைக் கொதிக்க விட்டே, அதான் ஈரம்னு குடியிருக்கிறவங்க தலையிலயே பழியைப் போட்டு அனுப்பிடுவோம். இப்ப அது நடக்காது. சுவரைத் திறந்து பாத்துட்டுத்தான் பதில் சொல்லணும்... ஆமா, பெரிய மாற்றம்தான்... அது உங்களாலயா! அடேயப்பா.

வீடுவீடா யார் சார் போனது?... உங்க தலைமையில... இல்ல, நான் கேக்கறது படியேறிப் போன ஆளை... நீங்களேவா? பனிக்காலத்துல கூடவா?... ரொம்பப் பெரிய மனசு சார்.

அப்ப காட்விட் டவர்ல குடியிருக்கிற கார்பட் அம்மாவைத் தெரிஞ்சிருக்குமே... பத்தாவது மாடி... தெரியுமா! நல்லதாப் போச்சு. அந்த அம்மாவோட நாய் போறவங்க வர்றவங்களையெல்லாம் கடிக்குமே... கடிக்கலையா?... சாதுவா?... தடவிக் கொடுத்தீங்களா... என்ன நிறம் சார் அது, எனக்கு மறந்து போச்சு... பழுப்பு... ம்.

சார், அந்த டவர்ல நாய் வளர்க்க விடறதே இல்ல. கட்டின நாள்லேர்ந்து அதுதான் சட்டம்.

...

வேற டவரா இருக்காது... இருக்காது சார்... விடுங்க. எத்தனையோ நாய் பாத்திருப்பீங்க.

டங்கன், நான் லோர்னா.

...

லோர்னா பெக்கெட்... எட்டு வருஷம் உங்க பக்கத்து ரூம்ல இருந்தேன்... ஆமா, அந்த லோர்னாதான்... விவாகரத்து ஆச்சு, பழைய பேருக்கு வந்துட்டேன்... நல்லா இருக்கேன், நன்றி... குரல் மாறிப் போச்சா? மாறல. இதுக்கு முன்னாடி நீங்க கேட்டதில்ல, அவ்வளவுதான்.

இருங்க, வைக்காதீங்க. நாளைக்கு மத்தியானம் கையெழுத்து வேணும்ல? இப்ப வச்சா எங்க போவீங்க?... உங்களுக்கு எப்படி இது தெரியாம போச்சுன்னு சொல்லவா? சாட்சி யாருங்கிற இடத்துல 'வீட்டுவசதித் தலைமை அதிகாரி'ன்னு பதவியை மட்டும் எழுதியிருப்பீங்க. அந்த நாற்காலியில எந்த மனுஷி உக்காந்திருக்கான்னு ஒருத்தரும் பாக்கல. எல்லாத் துறையிலயும் அப்படித்தானே பண்ணுவோம்... பண்ணுவோம்னுதான் சொன்னேன். நானும் அப்படிப் பண்ணினவதான்.

என்ன?... பழசெல்லாம் வேண்டாமா?... ஏன் வேண்டாம்? பழசைத்தானே நீங்க இப்ப எடை போடக் கொடுக்கறீங்க!

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் போட்ட அந்தக் கடைசி கிராண்ட் மனு ஞாபகம் இருக்கா? முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் எழுதினது நான். என் பேரைப் போட முடியாதுன்னீங்க. ஏன்னா என் கான்ட்ராக்ட் அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முடிஞ்சிடும்... ஆமா, விதிதான். விதியை நீங்க எழுதல, தெரியும். உங்க பேர்ல போச்சு, கிடைச்சுது. கிடைச்சதும் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, லோர்னா, உன் சம்பளப் படி ஏறிப் போச்சு, கிராண்ட்ல இவ்வளவு இடமில்ல, புதுசா படிச்சு முடிச்ச ஒருத்தரை எடுக்கறோம்னீங்க. நான் விலை கூடிட்டேனாம். உங்ககிட்டயே வேலை கத்துக்கிட்டு, உங்ககிட்டயே விலை கூடி... எந்தக் கடையிலயாவது இப்படி நடக்குமா டங்கன்?

... 

வருத்தப்பட்டீங்களா? எங்க வச்சு? என் கடைசி நாள் நீங்க லிஸ்பன்ல மாநாட்டுல இருந்தீங்க. காரிடார்ல கேரட் கேக் வெட்டினாங்க. வாழ்த்து அட்டையில 'அன்புள்ள லாரா, நல்லதே நடக்கட்டும், டங்கன்'னு இருந்தது. அன்னிக்கே என் மெயிலை நிறுத்திட்டாங்க. அடுத்த வாரம் நான் எழுதின கட்டுரையை நெட்ல படிக்கப் போனா, பணம் கட்டுன்னு கேக்குது. நான் எழுதினது!

... ... 

இல்ல, நான் கத்தல. கத்தணும்னுதான் ஆசை.

ஒண்ணு சொல்லட்டுமா? அதுக்கப்புறம் தினம் நான் உங்ககிட்ட பேசியிருக்கேன். உருளைக்கிழங்கு தோல் சீவும்போது, பஸ்ஸுக்கு நிக்கும்போது. அதுல ஒரு வார்த்தை தடுமாறினதில்ல. நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பீங்க. எவ்வளவு அழகா பேசுவேன் தெரியுமா? இப்ப நிஜமா நீங்க லைன்ல இருக்கீங்க, எனக்கு வாய் உலர்ந்து போகுது. இத்தனை வருஷம் ஊறப்போட்ட கோபம், கையில எடுத்தா கொழகொழன்னு வருது. அதுக்கும் உங்க மேலதான் கோபம்.

சரி, சொல்லுங்க... என்ன தரலாம்னு இருக்கீங்க?... கௌரவ ஆய்வாளர்... சம்பளம்?... இல்ல. கௌரவம் மட்டும்... அப்புறம்?... லைப்ரரி கார்டு!

...

மன்னிச்சுக்கோங்க, டீ புரையேறிடுச்சு... சிரிக்கல... சரி, சிரிச்சேன். டங்கன், இங்க கீழ்த்தளத்துல பப்ளிக் லைப்ரரி இருக்கு. அதுக்கு நான் கார்டு வச்சிருக்கேன்.

என்ன அது, யாரோ பக்கத்துல பேசற மாதிரி... ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?... யாரு?... டீன் ஃபெலிசிட்டியா?... வணக்கம் ஃபெலிசிட்டி... ஆரம்பத்துலேர்ந்தே கேட்டுட்டிருக்கீங்களா... அப்ப அந்த நாயையும் கேட்டிருப்பீங்க.

ம்... சொல்லுங்க... ஆமா... ஆமா... வீடுவீடா போனது நான் மட்டும்தான். டங்கன் ஒருதரம் வந்தார், போட்டோ எடுக்க. கோட்டைக் கழட்டல. கார்பட் அம்மா டீ போட்டுக் கொடுத்தாங்க, வாங்கி ஜன்னல் விளிம்புல வச்சிட்டார். பேரப்பிள்ளை தொட்டில்ல இருமிட்டே கிடந்தது. தொட்டிலுக்குப் பின்னாடி வால்பேப்பரை நான் உரிச்சுக் காட்டினேன், கறுப்பா இருந்தது. அவர் போட்டோக்காரரைக் கேட்டார், வெளிச்சம் போதுமான்னு.

... 

எடுத்துடறீங்களா? டங்கன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடறீங்களா?... இப்பவேவா?... அவர் அங்கதானே உக்காந்திருக்கார்?... ஓ. ஏற்கெனவே திருத்தச் சொல்லிட்டீங்களா.

...

இல்ல, ஒண்ணுமில்ல. இவ்வளவு சுலபம்னு தெரியாது. எட்டு வருஷம் நான் கேட்டது, நீங்க ஒரே மூச்சுல... எனக்கு சந்தோஷமா இருக்கு. இருக்கணும். ஆனா அந்தக் குரல், ஃபெலிசிட்டி, உங்க குரல்... என் கான்ட்ராக்ட் முடிஞ்சதை டங்கன் சொன்ன குரலும் இப்படித்தான் இருந்தது. கோபமே இல்லாம, கம்பளி போத்தின மாதிரி.

அது இருக்கட்டும். ஆளு நான் வெளிய போயிட்டேன், ஆனா வேலை அங்க இருந்தப்ப செஞ்சது, அதனால பலன் உங்களுக்குத்தான், இல்லையா?... யார் பேரைப் போட்டாலும்?... அப்ப யூனிவர்சிட்டிக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்ல. அவருக்குத்தான்... ம். நான் இத்தனை நாள் தப்பான ஆளோட சண்டை போட்டுட்டிருந்திருக்கேன்.

கையெழுத்து போடறேன் ஃபெலிசிட்டி. போடமாட்டேன்னு சொல்லவே இல்லையே... ஆமா, இன்னிக்கே. ஆனா இது கவுன்சில் தாள். நடந்ததைத்தான் எழுதுவேன். எழுதறதை அப்படியே வாசிக்கறேன், கேளுங்க.

'இந்த ஆராய்ச்சி அறிக்கை யூனிவர்சிட்டியில் யாராலும் படிக்கப்படாமல் கிடந்தது. அதை எழுதியவரை யூனிவர்சிட்டி வேலையை விட்டு அனுப்பியது. அவர் நகராட்சியின் புகார்த் தொலைபேசியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். ஈரத்தைப் பற்றி அழைத்த தாய்மார்களின் பேச்சைத் தினமும் கேட்டு, தன் அறிக்கையைத் தானே கவுன்சிலர்கள் முன் வைத்தார். விதி மாறியது. அவர் யூனிவர்சிட்டியிலேயே வேலையில் இருந்திருந்தால் விதி மாறியிருக்காது.'

...

ஹலோ?... ஆமா, கடைசி வரியும்தான்... ஏன் எடுக்கணும்?... உண்மையில்லையா? உங்க ஆராய்ச்சியால விதி மாறல ஃபெலிசிட்டி, நீங்க என்னைத் துரத்தினதால மாறிச்சு. அதைக் கதையா எழுதிக் கொடுங்க, எடை போடட்டும்... அனுப்ப முடியாதா?... அந்த வரியோட அனுப்ப முடியாது, நான் இல்லாம அனுப்பவும் முடியாது. தெரியுமே... எங்க மேயர்கிட்ட சொல்வீங்களா? சொல்லுங்க. அவங்க காட்விட் டவர்லதான் பொறந்து வளர்ந்தாங்க. நம்பர் தரட்டுமா?

...

எனக்கு என்ன வேணுமா? இந்த ஆறு வாக்கியம். வேற ஒண்ணும் வேண்டாம்... இல்ல... இல்ல... ஒரு சொல்லைக் கூட மாத்த மாட்டேன்... யோசிங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கே.

...

ஹலோ?... யாரு, டங்கனா?... ஸ்பீக்கரை அணைச்சிட்டீங்களா... அவங்க போயிட்டாங்களா. கதவை அடிச்சுச் சாத்தின சத்தம் இங்க கேட்டுது... ம்... ஆமா, அவங்களை எனக்குத் தெரியாதா.

ஏன் மெதுவா பேசறீங்க?... என்னது?... ஆள் குறைக்கிற பட்டியல்லயா? உங்க பேரா?... பேராசிரியர்களைக் கூடவா... எப்பலேர்ந்து?... ஓ. அதனாலதான் இந்தக் கதையில உங்க பேர் வேண்டியிருந்தது... ம்... ம்... வீட்டுல சொல்லிட்டீங்களா?... சொல்லலையா...

... 

என்ன கேட்டீங்க? இன்னொருதரம் சொல்லுங்க... இல்ல, முதல்லயே கேட்டுது. இன்னொருதரம் கேக்கணும்போல இருந்தது.

இருக்கு. ஒரு இடம் காலியா இருக்கு. வீடு பாத்து அறிக்கை எழுதற வேலை... உங்க சம்பளத்துல பாதி கூட வராது... முக்காவாசி நாள் லிஃப்ட் ஓடாது. மண்டி போட்டு, சுவரடியில ஒட்டியிருக்கிற ஸ்கர்ட்டிங் பலகையைக் கழட்டணும். டீ கொடுத்தா குடிக்கணும்.

சிரிக்கல டங்கன். சத்தியமா சிரிக்கல. இந்த நேரத்துக்குன்னு ஒரு சிரிப்பு சேத்து வச்சிருந்தேன், வரமாட்டேங்குது... பாவமும் வரல. அதையும் சொல்லிடறேன், பொய் எதுக்கு.

போடுங்க. தாராளமா விண்ணப்பம் போடுங்க, யாருக்கும் தடையில்ல... நேர்முகத்துக்கு மூணு பேர் உக்காருவோம்... ஆமா, நடுவுல நான்தான்... எல்லாரையும் கேக்கற கேள்விதான் உங்களையும் கேப்பேன், கூடவும் கேக்க மாட்டேன், குறைச்சும் கேக்க மாட்டேன்.

ஒண்ணு மட்டும். பரிந்துரைக்கு ரெண்டு பேரோட பேர் தரணும். உங்க வேலையை நேர்ல பாத்தவங்களா இருக்கணும்... டீன் இல்ல, அவங்க எங்க பாத்தாங்க?... இல்ல, கூட வேலை செஞ்சவங்க. களத்துல. நீங்க வேலை செய்யறதைக் கண்ணால பாத்தவங்க... ரெண்டு பேர் டங்கன், அவ்வளவுதான்.

...

சொல்லுங்க, எழுதிக்கறேன்.

...

எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க...

...

ஹலோ?... டங்கன்?...

வச்சிட்டார், பெவ்... இல்ல. எந்தப் பேரும் சொல்லல.