மூன்று தங்கைகளின் அண்ணன்

சேலை எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் கைராசி உண்டு, தம்பி. வீட்டம்மாவுக்கு எடுக்கும்போது சொல்லுங்கள், கூட வருகிறேன். இந்தப் பழனியாண்டி கொடுத்த சேலை சாயம் போனதென்று சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் எவளும் குறை சொன்னதில்லை.

மோட்டார் சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போவேன். தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரிவதாகப் பேர் பண்ணுகிறார்கள் என்பது துணிக்காரனுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. பெண் வயதுக்கு வந்த வீட்டில் நல்ல வியாபாரம். சில வீடுகளில் மட்டும் ஒரு குறை இருக்கும், தாய்க்குக் கூடப்பிறந்தவன் இருக்க மாட்டான். சீர்த்தட்டுத் தூக்க மாமன் இல்லாத பெண்ணைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. நானே மாமனாக நின்றுவிடுவேன். பச்சை ஓலையில் குச்சில் கட்டுவேன். சேலை என் மூட்டையிலிருந்தே போகும். பந்தியில் முதல் இலை எனக்கு. "மாமன் வந்தாச்சு, மூக்குத்தி எங்கலா?" என்று பெண்கள் வம்புக்கு இழுப்பார்கள். நானும் வெட்கப்பட்டு வைப்பேன்.

செமிலிங் தோட்டத்து மருதம்மாள் அப்படி வாய்த்த தங்கை. அவள் புருஷன் அய்யாவுக்குச் சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவனுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபோது முதலில் வேலை போனது அவனுக்குத்தான். அப்போது மகள் இராசாத்திக்குப் பத்தொன்பது வயது.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கண்ணே. பிள்ளைக்கு எங்காச்சும் ஒரு வேலை பார்த்துக் கொடுங்க" என்று அழுதாள். நான் வற்புறுத்தவே இல்லை. கேட்டது அவள்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பினாங்கில் துணிக்கடை என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். கார் வடக்கே திரும்பியதும் இராசாத்தி, "மாமா, பினாங்கு எப்ப இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று சிரித்தாள். கெட்டிக்காரப் பெண். எல்லைச் சாவடியில் என் தங்கை மகள் என்றேன். அது பொய்யில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், சொங்க்லா கடலோரத்தில் ஒரு கொட்டகை. இறால் உரிக்கிற வேலை. வெளியே பூட்டு போட்டிருப்பார்கள். அவள் ஐ.சி.யை வாங்கி முதலாளியிடம் நான்தான் கொடுத்தேன், தொலைத்துவிடக் கூடாதே. என் பங்கை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கம்பிக்குப் பின்னாலிருந்து "மாமா" என்று கூப்பிட்டாள். ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

மாமன் உள்ள பெண்ணை நான் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. அந்த மட்டுக்கு எனக்கு நியாயம் உண்டு. மாமன் என்றிருந்தால் தேடி வந்துவிடுவான், அவனுக்கும் வீண் அலைச்சல்.

தீபாவளிக்குப் பெண் வரவில்லை. மறுநாளே மருதம்மாள் என் வீட்டு வாசலில் நின்றாள். "போலீசுக்குப் போவணும்ணே. தாய்மாமன் நீங்க வராம நான் எப்படிலா தனியாப் போறது?" மாட்டேன் என்றால் அப்புறம் நான் என்ன மாமன்? இதோ இந்த ஸ்டேஷனுக்குக் கூடவே வந்தேன். பெஞ்சில் மெர்போக் பிச்சையம்மாளும் பீடோங் ராக்காயியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பெண்களும் தீபாவளிக்கு வரவில்லை. என்னைக் கண்டதும் இருவரும் எழுந்து, "அந்தா, எங்கண்ணனே வந்துட்டாரு" என்றார்கள். மருதம்மாள் அவர்களைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். தங்கைகள் ஒருநாள் ஒருவரையொருவர் சந்திப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி.

மருதம்மாள் இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது. "எங்கண்ணனை அடிச்சிடாதீங்க சார்" என்கிறாள், கேட்கிறதா?

சரி, எழுதுங்கள். மூன்று பெண்களையும் விற்றது நான்தான். கொட்டகைக்கு வழியும் சொல்கிறேன். ஆனால் 'நாதியற்ற பெண்கள்' என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். கேட்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்கிறேனே.