வாசலைப் பார்த்துக் கூப்பிடும் பூனை

– தெறக்காதடி! தெறக்காதே... காலால மறி, மறி... அப்பாடா!

– நான் எங்கக்கா தெறந்தேன்? பால் பாக்கெட் எடுக்கக் கதவை ஒரு விரல் அளவு நகத்துனேன். அதுக்குள்ள தலைய விட்டுடுச்சு.

– மேடத்துக்கு ஒரு விரல் போதும். நாலு நாளாப் பாக்குறேன், வாசலை விட்டு நகர மாட்டேங்குறாங்க. உள்ள மூணு பச்சக்குட்டி கெடக்கு. இதெல்லாம் ஒரு தாயா?

– அப்படிச் சொல்லாதக்கா.

– சொன்னா என்ன? நமக்கு முட்டை வாங்கவே யோசிக்கிறேன், இதுக்கு மீன் வாங்கிப் போடுறேன். பீரோவுக்கடியில என் நல்ல போர்வைய விரிச்சுக் குடுத்திருக்கேன். இன்னும் என்ன வேணுமாம்?

– அந்தப் போர்வைய நான் கேட்டப்போ குடுக்கல நீ.

– நீ என்ன, மூணு குட்டியா போட்டே?

– ரெண்டு பெத்தேனே.

– ...சரி, சரி. மெதுவாப் பேசு. உன் சின்னது இப்பத்தான் தூங்குது.

– ம்.

– இந்த வீட்டுல பிள்ளை பெத்தவங்க ரெண்டு பேர். பெறாதவ நான் ஒருத்தி, எல்லாருக்கும் எடுபிடி.

– பூனைய யாரு தூக்கிட்டு வரச் சொன்னா?

– பின்னே? சனிக்கிழமை எங்க நோட்டுக் கம்பெனி மொதலாளி திடீர்னு வந்து, குடோன்ல கெடக்குற பழைய பேப்பர் கட்டு எல்லாத்தையும் லாரில ஏத்துங்கன்னுட்டாரு. கட்டுக்கு நடுவுல இது குட்டி போட்டு வெச்சிருக்கு. லோடு ஏத்துறவங்க குனிஞ்சா பாப்பாங்க? நோட்டு அடுக்குற பெட்டி ஒண்ணக் காலி பண்ணி, எல்லாத்தையும் அள்ளிப் போட்டு, பஸ்ல மடியில வெச்சுக் கொண்டாந்தேன். கண்டக்டர் உள்ள என்னம்மான்னாரு. ஸ்வீட்டுன்னேன். அப்பப் பாத்து மேடம் கத்துனாங்க பாரு...

– கத்துற ஸ்வீட்டு!

– சிரி, சிரி. நீ வந்து மூணு வாரமாச்சு, இன்னிக்குத்தான் பல்லையே பாக்குறேன்.

– ...சித்தி போன் பண்ணாங்களாமே?

– பண்ணா. மூத்த பொண்ணு பாப்பாவ அந்த வீட்டுலயே விட்டுட்டு வர அவளுக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு கேட்டா. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா என்கிட்ட. பாப்பா தூங்கிட்டிருந்தா. எழுப்பியிருந்தா அழுதிருப்பா, மாமியார் முழிச்சிருப்பாங்க, இவ புருஷன் வந்து மறுபடி அடிச்சிருப்பான், மூணு பேரும் உள்ளயே கெடந்திருப்பாங்கன்னு சொன்னேன். சரிதானே?

– ...ம்.

– வக்கீல்தான் சொல்லிட்டாரே, கோர்ட்டுல மனு போட்டுப் பாப்பாவ நம்மகிட்டக் குடுக்கச் சொல்லிக் கேக்கலாம்னு. அதுவரைக்கும் அந்தத் தெருப்பக்கமே தலை வெச்சுப் படுக்காதே.

– அக்கா, இங்க வா. சத்தம் போடாம வந்து கேளு.

– என்னடி?

– குட்டிங்களப் பால் குடிக்கக் கூப்பிடுமே, தொண்டைக்குள்ளயே... ர்ரும், ர்ரும்னு. அதே சத்தத்தைக் கதவைப் பாத்துப் போடுது.

– வெளிய போகணும்னு கத்துது.

– வெளிய போகக் கத்துறது ஊரைக் கூட்டும்க்கா. இது கூப்பிடுறது. உனக்கு வித்தியாசம் தெரியல.

– பெறாதவளுக்கு எதுதான் தெரியும்?

– ஐயோ, அப்படி நெனச்சு சொல்லலக்கா...

– விடு. நானும் சும்மாதான் சொன்னேன்.

– காலையில நீ குளிக்கப் போனப்போ என்ன பண்ணுச்சு தெரியுமா? மூணையும் ஒவ்வொண்ணாக் கவ்வி வந்து இந்த மிதியடி மேல வெச்சுது. நக்குச்சு. அப்புறம் திரும்ப பீரோவுக்கடியில போய்ப் போர்வையக் கிளறிக் கிளறித் தேடுச்சு. வந்து கதவைப் பாத்துக் கூப்பிட ஆரம்பிச்சுது. எத்தனை குட்டிக்கா?

– இது என்ன கேள்வி? மூணு. எண்ணத் தெரியாதா உனக்கு?

– நான் எண்ணிட்டேன். அதுக்குத்தான் பத்தல போலிருக்கு.

– பூனைக்குக் கணக்கெல்லாம் வராதுடி.

– கணக்கு எதுக்கு? எது இல்லன்னு பெத்ததுக்குத் தெரியாதா?

– ...வழி விடு. அடுப்புல பால் பொங்கிடப் போகுது.

– அடுப்பே இன்னும் பத்த வைக்கல. ஞாயித்துக்கிழமை, லீவு நாள்ல, விடியக்காலையில குடோனுக்குப் போனியே. சின்னதோட பால் பாட்டில் அன்னிக்குத்தான் காணாமப் போச்சு.

– அதான் புதுசு வாங்கிக் குடுத்தேன்ல?

– அக்கா.

– நாலு... போதுமா? நாலு குட்டி.

– நாலாவது எங்க?

– அது நோஞ்சான்டி. உள்ளங்கையில வெச்சாக் கனமே இல்ல. மத்த மூணும் அதை மிதிச்சுக்கிட்டுத்தான் பால் குடிக்குது. பெட்டியிலயும் எடமில்ல. அசையாமக் கெடந்துச்சு... செத்துடுச்சுன்னு நெனச்சு, ஒரு துணியில சுத்தி ஜன்னல் திட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்.

– செத்ததுக்கு எதுக்குக்கா துணி? செத்ததுக்கு எதுக்குப் பால் பாட்டில்?

– தலையத் தூக்குச்சுடி... பெட்டிய மூடுறப்போ தலையத் தூக்கி என்னைப் பாத்துச்சு. கண்ணே சரியாத் தெறக்காதது எப்படிப் பாக்கும்னு கேக்காதே. பாத்துச்சு. இது எப்படியும் பொழைக்காது, மூணாச்சும் பொழைக்கட்டும்னு பஸ் ஏறிட்டேன். ராத்திரி பூரா உறுத்துச்சு. விடிஞ்சதும் ஓடுனேன். துணிக்குள்ள கைய விட்டா... இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. மூச்சு இல்ல. முந்தின பஸ்ஸைப் புடிச்சிருந்தாக்கூட...

– அழாதக்கா.

– அங்கயே குடோன் பின்னாடி மரத்தடியில பொதைச்சுட்டு வந்தேன். இப்பக் கதவைத் தெறந்தா இது ரோடு ரோடா அலையும். அலைஞ்சு எதைப் பாக்கப் போகுது? அதான் விடல. நாலு நாளா அது அங்க நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. பூனைக்கு ஊர் சுத்துற புத்தின்னு நீ நெனச்சுக்கணும்னு நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். என்னை நாலு வார்த்தை கேட்டுடு. மனசு ஆறும். நீ எதுக்குடி அழறே? பாப்பா நெனப்பு வந்துடுச்சா? ஏய், அது வேற, இது வேற. அது பாத்துக்கிட்டிருக்கும்போதே விட்டுட்டு வந்த பாவி நான். நீ என்ன, முழிச்சிருந்த புள்ளையவா விட்டுட்டு வந்தே? அவ தூங்கிட்டிருந்தாடி.

– தூங்கலக்கா.

– என்ன?

– பாப்பா தூங்கல. சின்னதத் தோள்ல போட்டுக்கிட்டு, சத்தம் வரக்கூடாதுன்னு செருப்பைக் கையில எடுத்தேன். திரும்புனா, படுத்தபடியே என்னைப் பாத்துக்கிட்டிருக்கா. கைய நீட்டியிருந்தா ஓடி வந்திருப்பா. ரெண்டு பேரோட ஓட முடியாதுன்னு பயந்து... நான் நீட்டல. அவ அம்மான்னுகூடக் கூப்பிடலக்கா. நான் போகட்டும்னு, தூங்குற மாதிரி கண்ண இறுக்கி மூடிக்கிட்டா.