பதினைந்து நிமிட மேடை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவு போட்டால்தான் நிறையப் பேர் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டால் சொந்த மச்சினன்கூட எட்டிப் பார்க்க மாட்டான். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை ஐயா, நானாகவே கண்டுபிடித்தது.

என் பெயர் முத்துச்செல்வம். மேலகரத்தில் கேஸ் கீசர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். குற்றாலம் சீசனில் அருவியில் நின்று வெடவெடத்து வருகிறவர்களுக்கு அறைக்கு வந்ததும் உடம்பு வெந்நீர் கேட்கும். அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. லிங்க்ட்இன் வலைத்தளம் என்பது கோட்டுப் போட்டவர்களின் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சும்மா நுழைந்து பார்த்தால், மும்பையில் எங்கள் தொழில்காரர்களுக்கு மாநாடு. போனவர்கள் ஒவ்வொரு பேச்சையும் சுடச்சுட எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேடைப் படங்களைப் பெரிதாக்கி, திரையில் இருந்ததை எல்லாம் நோட்டில் எழுதினேன். பேசியவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன், பதில் போட்டார். எவ்வளவு பெரிய மனிதர், எனக்குப் போய்ப் பதில் போடுகிறார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கற்றதைத் தமிழில் எழுதிப் போட ஆரம்பித்தேன். பதினோராயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். போன வருடம் கோயம்புத்தூர் மாநாட்டுக்கு அழைப்பே வந்தது, பார்வையாளனாக. அங்கே ஒரு பேச்சில்தான் கார்பன் மோனாக்சைடு பற்றிக் கேள்விப்பட்டேன். காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தால் அந்த வாயு சேரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கிற ஆள் தலை சுற்றி விழுவான், அப்புறம் எழுந்திருக்க மாட்டான்.

பேச்சு முடிந்ததும் மாநாட்டை நடத்துகிற சங்கரேஸ்வரி மேடத்திடம் போய், எனக்கும் மேடை கிடைக்குமா என்று கேட்டேன். அவர்கள் நல்ல மாதிரி. என் பதிவுகளைப் படித்திருந்தார்கள்.

"படிச்சதைத் திருப்பிச் சொல்ல நிறையப் பேர் இருக்காங்க சார். உங்க ஊர்ல நிஜமா நடந்த ஒண்ணைக் கொண்டு வாங்க. அடுத்த வருசம் பதினஞ்சு நிமிஷம் உங்களுக்குத்தான்."

எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடப்பதற்கு எல்லா வசதியும் இருந்தது. குளியலறை ஜன்னல் வழியாகக் குரங்கு நுழைந்து சோப்பு, பல்பொடி, பாவாடை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் விடுதிக்காரர்கள் பாதிப்பேர் ஜன்னலைப் பிளைவுட் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். திரும்பி வந்த வாரமே விடுதி விடுதியாகப் போய்ப் பலகையை எடுத்துவிட்டு வலை அடிக்கச் சொன்னேன். சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

கடைசியாக மிச்சமிருந்தது இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் காட்டேஜ். உங்கள் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பிடிவாதக்காரர். அவரும் உடனே ஒத்துக்கொண்டார்.

"ஏலே, குரங்குக்குப் பயந்து மனுசனைக் கொல்லவா முடியும்? நாளைக்கே வலை அடிச்சிருலே."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

மறுநாள் ஐந்து அறைக்கும் வலை அடித்து முடித்தேன். ஆறாம் நம்பர் அறைக்கும் அடித்தேன். வெளிச்சம் நன்றாக இருந்ததால், மேடையில் காட்டுவதற்காகச் சீர்செய்த பிறகு எடுக்க வேண்டிய படத்தை அப்போதே எடுத்துக்கொண்டேன். பிறகு அந்த ஒரு அறைக்கு மட்டும் பலகையைப் பழையபடி வைத்து ஆணி அடித்தேன்.

யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. லேசான மயக்கம் போதும். தூக்கி வெளியே கொண்டுவந்து காற்றில் கிடத்துவது, அவர் கண் திறப்பது, அவ்வளவுதான் என் தேவை. அதற்காகக் குளியலறை உள்தாழ்ப்பாளின் திருகாணிகளைத் தளர்த்தி வைத்தேன். வெளியிலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினால் கதவு திறந்துவிடும். இவ்வளவு முன்யோசனை உள்ளவனைக் கொலைகாரன் என்கிறீர்கள்.

அந்த அறைக்கு வந்த முதல் இரண்டு குடும்பங்களை, கீசர் ரிப்பேர் என்று சொல்லி வேண்டாமென்று விட்டேன். ஒன்றில் வயசாளிகள், இன்னொன்றில் கைக்குழந்தை. மூன்றாவதாகக் கடையநல்லூரிலிருந்து உவைசும் ஹம்னாவும் வந்தார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு நாள். அவன் துபாயிலிருந்து லீவில் வந்தவன், நல்ல ஆஜானுபாகு. இவன் தாங்குவான் என்று தோன்றியது. வராந்தாவில் குழாயைப் பழுது பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அறைக் கதவு திறந்தேதான் கிடந்தது, குளியலறைக் கதவு எனக்கு நேரே.

ஆனால் அவன் குளிக்கப் போகவில்லை. செங்கோட்டை ரோட்டில் போய்ப் புரோட்டா வாங்கி வருகிறேன் என்று பைக்கை எடுத்தான்.

"நீ எண்ணெய்க் குளியலை முடி ஹம்னா, நான் வந்துருதேன்."

"சால்னா நிறைய ஊத்தச் சொல்லுங்க. போன தடவை நக்கிப் பாக்கக்கூட இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் தலையில் எண்ணெயோடு வாசலுக்கு வந்து, "தண்ணி சூடா வருமா அண்ணே?" என்று கேட்டாள்.

"நல்லா வரும்மா," என்றேன். பொய் இல்லை. கீசர் நான் மாட்டியது.

அந்த நேரத்தில் தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். சீசன் முடியப் பத்து நாள்தான் இருந்தது, மாநாட்டுக்குப் பெயர் கொடுக்கக் கடைசித் தேதியும் நெருங்கியிருந்தது. எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கிறவர்களுக்கு எவ்வளவு நேரமாகும், எவ்வளவு வெந்நீர் ஓடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

உள்ளே செம்பு விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் ஐயா, ஒரு பெண்பிள்ளை குளிக்கிற இடம். அதுவும் புதுப்பெண், மார்க்கப்பற்றுள்ள குடும்பம். புருஷன் இல்லாத நேரத்தில் அந்நிய ஆண் நுழைந்தான் என்றால் அந்தப் பிள்ளையின் பெயர் என்ன ஆகும்? பின்கட்டில் அண்ணாச்சியின் மனைவி உமாராணி அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிடப் போகலாம் என்றால், நான் அந்தப் பக்கம் போன நேரத்தில் இங்கே ஏதாவது நடந்துவிடுமே. நான் இடத்தைவிட்டு அசையவில்லை.

உவைஸ் வந்துதான் கதவைத் தள்ளினான். ஒரே தள்ளில் திறந்தது. அவளை வெளியே தூக்கி வந்தோம், நானும் ஒரு கை பிடித்தேன். தென்காசிக்குக் கொண்டுபோயும் பிரயோசனமில்லை. அந்தப் பையன் புரோட்டாப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் நான் எதுவுமே எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை எழுதினேன். நாற்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். தேனியிலும் ஊட்டியிலும் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று நீங்களே பாருங்கள். சங்கரேஸ்வரி மேடமும் தேதி சொல்லி எழுதியிருக்கிறார்கள். நான் போக முடியாது என்று தெரியும். வேறு யாராவது பேசட்டும், விஷயம் போய்ச் சேர வேண்டும்.

என் போனில் அன்றைய வீடியோ இருக்கிறது, வராந்தாவிலிருந்தே எடுத்தது, பதினெட்டு நிமிடம். முதல் மூன்று நிமிடத்தில் ஒன்றும் இல்லை, வெட்டிவிட்டால் மேடைக்குச் சரியாக இருக்கும். செம்பு விழுந்த பிறகு அவள் இரண்டு தடவை "அண்ணே" என்று கூப்பிடுகிறாள். அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடச் சொல்லுங்கள், கேட்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வார்கள்.