இரண்டாவது குழி

மத்தியானம் இரண்டு மணி. பேய் வர இருட்ட வேண்டும் என்று யார் சொன்னது... ஈ காக்கை இல்லாத தெரு. அதன் கோடியில் நூற்றைம்பது வருஷத்து வீடு. வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தவர், அச்சாபீஸ் வைத்திருக்கும் என் சிநேகிதன் ஒருவனுடைய அத்தை.

வீடு நின்றது களிமண்மேல். களிமண் குணம் தெரியுமல்லவா? நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்காது. எட்டு மாதமாக மழை இல்லை. தெருப்பக்கச் சுவர் விரல் நுழையுமளவு பிளந்துவிட்டது. நகராட்சி இன்ஜினியர் விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, ஒரு வாரத்தில் அது உடைந்தால் வீட்டை இடிப்போம் என்று சொல்லிவிட்டார். கெடு நாளைக் காலை.

"கிழட்டு வீட்டுக்கு எதுக்கு அண்ணி வைத்தியம்? வித்துடுங்க" என்றார் கொழுந்தனார்.

"உங்களுக்கும்தான் வயசாச்சு தம்பி. உங்களை விக்கச் சொன்னேனா?"

மேஸ்திரி கடைக்காலுக்குக் கீழே குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, சுவருக்குப் புதுக் கால் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளைச் சேர்த்துத் திறக்கவே கூடாது. முதல் குழி நேற்றுத்தான் நிரம்பியது, இன்னும் இறுகவில்லை. மூன்றாவது திறந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவில், இரண்டாவது குழிக்காக இன்னும் வெட்டாமல் விட்டிருந்த மண்தான் சுவரைத் தாங்கியது.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

சரக்... சரக்...

நகத்தால் பிராண்டும் ஓசை. காய்ந்த ஊரில் ஈர மண் வாசனை. அத்தை எட்டிப் பார்த்தார். தொடக் கூடாத அந்த நடு இடத்திலிருந்து மண் வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. பிடி பிடியாக. கை தெரியவில்லை.

மேலே சுவர் முனகியது.

திரும்பி வந்த ஆட்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டமெடுத்தார்கள். மேஸ்திரி மட்டும் நின்றார். தைரியம் ஒன்றுமில்லை, கால் வரவில்லை.

"டேப்பை எடுங்க. அளந்து பாருங்க" என்றார் அத்தை.

அளந்தார். முதல் குழியின் அதே அளவு, இம்மி பிசகவில்லை. உள்ளே யாருமில்லை. ஆனால் மூச்சு கேட்டது...

"ஓடிரலாம்மா."

"நாம ஓடினா சுவர் நிக்குமா? கலவையைப் போடுங்க." அத்தை குழி விளிம்பில் குந்தினார். "யாருப்பா உள்ள? நாப்பது வருஷம் நான் கூட்டிப் பெருக்கின வீடு இது. என்னைக் கேக்காம ஒரு செங்கல் விழாது. வெளிய வர்றதுன்னா வா, பத்து எண்ணுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

நிதானமாக எண்ணினார். ஒன்பதரைகூடச் சொன்னாராம். யாரும் வரவில்லை.

இருவருமாகச் சட்டி சட்டியாகக் கொட்டினார்கள். பாதிக் குழி நிறைந்தபோது மூச்சு நின்றது.

காலையில் இன்ஜினியர் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. வீடு தப்பியது.

அவர் போன பிறகுதான் மேஸ்திரி வாயைத் திறந்தார். "முதல் குழி அறுபது சட்டி குடிச்சுதும்மா. இது ஐம்பத்து மூணுலயே நிரம்பிருச்சு. ஏழு சட்டி மிச்சம்... ஒரு ஆள் குந்தியிருந்தா அவ்வளவு இடம் பிடிக்கும்."

அத்தை சுவரில் சாய்ந்துகொண்டார். "இருக்கட்டும். இனிமே தாங்கட்டும்."

அதற்கப்புறம் எத்தனையோ கோடை. அந்தத் தெருவில் எல்லா வீடும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அந்த ஒரு சுவர் மட்டும் வருஷத்துக்கு ஒரு நூல் அளவு... மேலே ஏறுகிறது.