ஹாஜறாவின் கைகளும் வீரமுனைப் பூவந்தியும்

அளவற்ற அருளாளனின் திருநாமம் போற்றித் தொடங்குகிறேன். அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மீராசாஹிபு ஹாஜியார் அவர்களே, அறிவாலும் அனுபவத்தாலும் எமக்கு அரணாய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வெயிலையும் பாராது வீரமுனையிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, திரைக்கு அப்பால் செவிசாய்த்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் சலாமும் வணக்கமும்.

இன்று நம் மையித்துகளை அடக்கும் நிந்தவூர் மையவாடி மதிலோரம் நாம் நடவிருப்பது பூவந்தி. வறண்ட மண்ணிலும் வாடாத மரம். காட்டோரத்திலும் வயல் மேட்டிலும் கேட்பாரின்றி வளரும் மரம். மூன்று கூறாய்த் திரளும் அதன் காய் பழுத்துக் காய்ந்தால் தோல் சுருங்கும். அந்தத் தோலை ஊறவைத்துப் பிசைந்தால் நுரை பொங்கும். கூந்தல் கழுவினார்கள், பட்டுக் கழுவினார்கள், பொன்னகை கழுவினார்கள். உள்ளிருக்கும் கறுப்பு விதையைக் கோத்து, இறைவனைத் துதித்து எண்ணும் தஸ்பீஹ் மணியும் செய்தார்கள்.

"சோப்பு கடையில கிடக்குதானே" என்று பின்வரிசைச் சகோதரர் ஒருவர் சொல்வது கேட்கிறது. ஓம், கிடக்கிறது. அந்தச் சோப்பைத் தொட முடியாத இரண்டு கைகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அவை என் மூத்த சகோதரி, ஹாஜறா ராத்தாவின் கைகள். இவ்வூரில் மரணித்த பெண்களைக் குளிப்பாட்டுபவர் அவர். எத்தனை தாய்மாரை, எத்தனை குமர்ப்பிள்ளைகளை, எத்தனை பச்சிளம் பிஞ்சுகளை அந்தக் கைகள் கழுவி அனுப்பின? அந்தக் கைகள் வெடித்தன. சோப்புப் பட்டால் இரத்தம் கசிந்தது. கையுறைக்குள்ளும் தோல் உரிந்தது.

"இனி எனக்கு ஏலா பஸால். வேற ஆரையும் பாருங்க" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கைக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில், ஆஸ்பத்திரி வாங்கில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் வீரமுனைக் கஜேந்தினி. கைகளைப் பார்த்தார்.

"அக்கா, எங்கட வயலுக்க பூவந்தி நிக்குது. அம்மா அதப் போட்டுத்தான் குளிக்கிற. கொண்டுவந்து தாறன்."

சொன்னபடி வந்தார். தாயையும் கூட்டிவந்தார். பெண்கள் மூவரும் நெருங்கிப் பழகினார்கள். மருந்தோடு பூவந்தியும் சேர, மெல்ல மெல்லக் கைகள் ஆறின. ராத்தா மறுபடியும் மரணம் நிகழ்ந்த மையித்து வீடுகளுக்குப் போனார்.

அடுத்த மாரியில் கஜேந்தினியின் தாய் காலமானார். ராத்தாவை நான் மோட்டார்சைக்கிளில் ஏற்றிப்போனேன். நம் இரு ஊர்களுக்கிடையே யுத்த காலத்துப் பழைய துயரங்கள் உண்டு. இந்தச் சபை அறியும். ஆகவே வாசற் படலையடியிலேயே நின்றோம். உள்ளே உறவுப் பெண்கள் குளிப்பாட்ட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். கஜேந்தினி எழுந்து வந்தார்.

"அக்கா, உங்கட கையால அம்மாவுக்குத் தண்ணி வாத்துவிடுங்க."

"உங்கட சனம் என்ன சொல்லும் மகள்?"

இறந்தவரின் கணவர் கனகரெத்தினம் ஐயா தலை நிமிர்ந்தார். "அவ உங்களத் தங்கச்சி எண்டுதான் சொல்லுவா. தங்கச்சி தண்ணி வாக்கிறதுக்கு ஆரிட்டக் கேக்கணும்?"

எவரும் மறுக்கவில்லை. பெண்கள் சேலையால் மறைப்புப் பிடித்தார்கள். ராத்தா குளிப்பாட்டினார்.

அன்பர்களே, தன் வீட்டு இறந்த உடலைத் தொடும் உரிமையை ஒரு குடும்பம் யாருக்குக் கொடுக்கும்? சொந்தத்துக்குத்தானே? அந்தச் சொந்தத்தைத் தந்த ஐயா இதோ முன்வரிசையில் இருக்கிறார். இந்தக் கன்றுகள் அவர் மரத்து விதையில் முளைத்தவை.

ஒன்றை மறவாதீர்கள். இதன் நுரை மீனைக் கொல்லும், வாய்க்காலில் கலக்காதீர்கள். கண்ணிலும் படவிடாதீர்கள்.

இவை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் நம்மில் சிலரை இந்த மதிலுக்கு உள்ளே சுமந்து வந்திருப்பார்கள். நாளை நம் பிள்ளைகளைக் கழுவி அனுப்பப்போகும் கைகள் வெடிக்காதிருக்கவே இன்று நடுகிறோம்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. வாருங்கள், மண்வெட்டிகள் காத்திருக்கின்றன. வஸ்ஸலாம், வணக்கம்.