பதினேழு நிமிடம் நான் சாமியாக இருந்தேன்

தேங்காய்கள் வெடிக்கின்றன. ஒன்றிரண்டல்ல, லாரி லாரியாக. தைப்பூசத்துக்கு முதல் நாள். பிற்பகல் மூன்று பத்து. தண்ணீர்மலைக்குத் தேர் வரும் சாலை. ஓடு சிதறிக் காலில் படுகிறது. இடப்பக்கம் உறுமி. கண்ணுக்குள் வெள்ளைப் பொறிகள். வயிற்றில் முப்பத்து மூன்று வாரக் குழந்தை உதைக்கிறது.

பிறகு நினைவில்லை.

மீதியைக் காணொளியில் பார்த்தேன். யாரோ கைப்பேசியில் எடுத்தது. வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதில் நான் விறைக்கிறேன். கண் செருகுகிறது. கைகால் வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை. அறுபத்தெட்டு விநாடி. உறுமிக்காரர்கள் நிறுத்தவில்லை. வேகம் கூட்டினார்கள்.

“சாமி வந்திருச்சு! தள்ளுங்க, தள்ளுங்க!”

வலிப்பு நிற்கிறது. மூச்சு குறட்டையாக வருகிறது. அதையும் சாமி என்றார்கள். சாலையோர மோர்ப் பந்தலுக்குத் தூக்கிப் போனார்கள். நெற்றியில் திருநீறு. வாயில் எலுமிச்சைச் சாறு. ஏழு பேர் என் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். அந்தக் கால்களில் மூன்று நாளாகச் செருப்பு நுழையவில்லை. வீக்கம். தொட்டவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

கணவர் கார் நிறுத்தப் போயிருந்தார். கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து வந்திருந்த நாத்தனார் என் காதருகே குனிகிறார்.

“தாயே, பையனா பொண்ணா? சொல்லிட்டுப் போ தாயே.”

பின்னால் ஒரு குரல். “அப்படியே லாட்டரிக்கு நாலு நம்பர் கேளுங்கக்கா.” சிரிப்பு.

மூன்று இருபத்தேழு. மோர் குடிக்க வந்த மருத்துவமனைத் தாதி ஒருவர் கூட்டத்தைப் பிளக்கிறார். அன்று அவருக்கு விடுமுறை.

“சாமி இல்ல லா, இழுப்பு! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க! வாயில ஒன்னும் ஊத்தாதீங்க!”

ஆம்புலன்ஸ் தேருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. சாலையில் குவிந்த தேங்காய்ச் சில்லுகளைக் கூட்டித் தள்ளிய பிறகே நகர்ந்தது. உள்ளே இரண்டாவது வலிப்பு.

மருத்துவமனை. இரத்த அழுத்தம் நூற்றெண்பதுக்கு நூற்றிருபது. மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தீ பரவியது. அந்தச் சூடு மட்டும் நினைவிருக்கிறது. மூன்றாவது வலிப்பு வரவில்லை. மருந்து என்னைக் காப்பாற்றியது. நஞ்சுக்கொடி அதற்கு முன்பே கருப்பையை விட்டுப் பிரிந்துவிட்டது. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். அழுகுரல் இல்லை.

அறிக்கையில் எழுதிய பெயர் எக்லாம்ப்சியா. கர்ப்பகால வலிப்பு. சாமி என்ற சொல் அதில் இல்லை.

என் பங்கையும் எழுதுகிறேன். அந்த வாரம் அழுத்தம் பார்க்க வரும்படி கிளினிக் புத்தகத்தில் சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். தைப்பூசம் முடியட்டும் என்றேன். தலைவலிக்கு விரதம்தான் காரணம் என்றேன். பொறிகளை வெயில் என்றேன்.

இழந்தவை. சாமியாகப் பதினேழு நிமிடம். சாலையில் முப்பத்தொரு நிமிடம். ஓர் உயிர். எடை ஒரு கிலோ எழுநூறு கிராம்.

நாத்தனார் அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டதற்குப் பதில் மருத்துவமனைக் காகிதத்தில் இருக்கிறது.

பெண்.