வடிவாப் பாக்கிறான்

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் காலை பஸ். முன் இருக்கையில் எழுபது கடந்த ஓர் அம்மா, யாழ்ப்பாணத்தில் இருக்கும் சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் இரண்டு குரலும் எனக்குக் கேட்டன.

“மகன் உன்னை வடிவாப் பாக்கிறானோடி?” என்றார் சிநேகிதி.

“ஓம், வடிவாப் பாக்கிறான். குசினியிலை அடுப்புக்கு மேலை ஒரு கமரா, என்ரை கட்டிலுக்கு நேரை இன்னொண்டு. வேலையிலை இருந்தே பாக்கிறான். நேற்று ரெண்டாந்தரம் தேத்தண்ணி போட்டனெண்டு போனெடுத்து ஏசினவன்.”

மறுமுனைக் குரல் தணிந்தது.

“அப்ப நீ கதைக்கிறதும் அவனுக்குக் கேக்குமோ?”

“கேக்குமெண்டுதான் பஸ்ஸிலை ஏறினனான். ஓரிடமும் போகேல்லை, உன்னோடை கதைக்கத்தான். நீ ஏன் மெல்லமாக் கதைக்கிறாய்?”

“மருமகளுக்குக் கேட்டால் போனைப் பறிச்சுப்போடுவாள். நான் கிணத்தடியிலை நிக்கிறன்.”

இருவரும் சிரித்தார்கள், வகுப்பில் வாத்தியாருக்குத் தெரியாமல் சிரிப்பதுபோல. நான் இறங்கவேண்டிய தரிப்பு போய்விட்டது.

கடைசித் தரிப்பில் சாரதி எல்லோரையும் இறங்கச் சொன்னார். அம்மா அவருக்குப் பிரெஞ்சில் நன்றியாக ஒரு ‘மெர்சி’ சொல்லிவிட்டு, போனை வாயருகே கொண்டுபோனார்.

“வைச்சிடாதை. எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ்ஸிலை ஏறுறன். நீ கிணத்தடியிலையே நில்லடி.”